விமானத்தோடு முடிகிற கதை

மஞ்சக்குட்டையில் ஒரு நண்பர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஏற்காட்டு மலைமேல், காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். நாவல் ஒன்றை முடித்துவிடலாம் என்று போனவன், முடிக்கவில்லை. வீட்டுக்கு எதிரே காபிக்கொட்டை காய வைக்கிற களம். பழம் பறிக்கிற காலம் அல்லவாகையால் களம் பையன்கள் வசம் இருந்தது. சாயங்காலம் நாலரை மணி ஆனால் கிரிக்கெட். களத்தைத் தாண்டினால் சரிவு. பந்து அங்கே போய்விட்டால் காபிச் செடிகளுக்கு அடியில் புகுந்து அரைமணி நேரம் தேட வேண்டும். அதனால், சரிவுப் பக்கம் தூக்கி அடித்தால் அடித்தவன் அவுட் என்று சட்டம் வைத்திருந்தார்கள். பந்து போடுகிறவனுக்கு இவ்வளவு சாதகமான சட்டம் உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது.

அவர்களில் ஒரு பையன் இடது கையால் பந்து போடுவான். பன்னிரண்டு வயது இருக்கலாம். நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் ஒரு வாரப் பத்திரிகையின் பழைய தாளைக் கொண்டுவந்து நீட்டினான். மடித்து மடித்து மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது. சேலம் ஜில்லாவின் பந்து வீச்சாளர் நடராஜனைப் பற்றிய கட்டுரை. வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"அங்க போனதுக்கப்புறம் என்ன சார் ஆச்சு? அதப் போடலயே?" என்று கேட்டான்.

"இந்தியாவுக்காக ஆடினார். ஜெயித்தார்கள்" என்றேன்.

"அது தெரியும் சார். அங்க யார்கூடப் பேசிக்கிட்டு இருந்தாரு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கட்டுரையை மறுபடி வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. நாலு பக்கக் கட்டுரையில் மூன்றே முக்கால் பக்கம் சின்னப்பம்பட்டி. அப்புறம் விமானம். அப்புறம் ஒரு கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். நடுவில் இருந்த ஆஸ்திரேலியாவைக் காணோம்.

இந்தக் கட்டுரை மட்டும் அப்படி எழுதப்படவில்லை. விளையாட்டு வீரர்களைப் பற்றி நாம் எழுதுகிற கட்டுரை, எடுக்கிற சினிமா, பள்ளிக்கூட விழாக்களில் பேசுகிற பேச்சு, பெரும்பாலானவற்றுக்கும் ஒரே அச்சுத்தான். ஓட்டு வீடு, கூலி வேலை செய்கிற அப்பா, வழிகாட்ட ஒரு நல்ல மனிதர், அவமானம், விடாமுயற்சி, கடைசியில் விமானம். விமானம் கிளம்பியதும் கதை முடிந்துவிடுகிறது. போட்டி போடுவதற்காக அயல்நாடு போகிறவனுடைய கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

நடராஜனுடைய ஆரம்ப வாழ்க்கை கதைக்கென்றே அமைந்ததுபோல் இருப்பது உண்மைதான். அப்பா தறி வேலைக்குப் போனவர். அம்மா சாலையோரத்தில் கோழிக் கடை வைத்திருந்தவர். இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர் நடராஜன். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் கைதூக்கிவிட்டுச் சென்னைக்கு வந்தார். 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். அந்த ஆட்டத்திலேயே, பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று புகார் எழுந்தது. கையை மாற்றி, வீசும் முறையை அடியிலிருந்து திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2017இல் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மறு வருஷம் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. அங்கே 2018, 2019 இரண்டு பருவங்களும் ஒரு பந்தயத்தில்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இவ்வளவையும் நம் கட்டுரைக்காரர்கள் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். 3 கோடி 40 லட்சமான இடத்தைச் சிலர் மட்டும் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

பையனுக்கு அன்று நான் சொல்ல முடியாததை அப்புறம் உட்கார்ந்து தேதிவாரியாக எழுதிப் பார்த்தேன்.

2020 அக்டோபரில் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அணியை அறிவித்தபோது அணியில் நடராஜன் பெயர் இல்லை. கூடுதலாக அழைத்துப்போன நான்கு பந்து வீச்சாளர்களில் ஒருவராக இருந்தது. இவர்கள் வலைப் பயிற்சியில் பந்து போடுவதற்காகப் போகிறவர்கள். அதாவது நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் தம் வசனத்தை ஒத்திகை பார்க்கும்போது எதிரே நிற்பதற்காக அமர்த்திய ஆள் மாதிரி. மேடை ஏறும்போது அவனுக்கு வேலை கிடையாது. பந்து நன்றாக விழுந்தால் அடிக்கிறவருக்குப் பயிற்சி. விழாவிட்டால் இவர்மேல் குறை. விக்கெட் எடுத்தாலும் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

நவம்பர் ஆரம்பத்தில், அரபு நாட்டில் ஐ.பி.எல். கடைசிக்கட்டப் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்தபோது, ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அங்கிருந்து நேராக ஆஸ்திரேலியா. கொரோனாக் காலம். சிட்னியில் பதினாலு நாள் தனிமை. பயிற்சி மைதானம் ஒன்று, விடுதி அறை ஒன்று. இதற்குள் வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்று அவர் விலக, இருபது ஓவர் அணியில் நடராஜன் சேர்ந்தார். நவதீப் சைனிக்கு முதுகுவலி, அதனால் ஒருநாள் அணியில் இடம். டிசம்பர் 2, கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம். டிசம்பர் 4, அதே ஊரில் முதல் இருபது ஓவர் ஆட்டம், மூன்று விக்கெட். அந்தத் தொடரை இந்தியா ஜெயித்தது. தொடர் நாயகன் விருதை வாங்கிய ஹார்திக் பாண்டியா அதை நடராஜன் கையில் கொடுத்தார்.

நம் கட்டுரைகள் இந்தப் படத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் மனிதர் அங்கேயே இருந்தார். தொடர் முடிந்ததும் அவர் ஊர் திரும்பவில்லை. டெஸ்ட் பந்தயங்களுக்கு மறுபடியும் வலைப் பந்து வீச்சாளராக நிறுத்திக்கொள்ளப்பட்டார். நேற்று கோப்பை வாங்கியவர் இன்று திரும்பவும் ஒத்திகை ஆள். அணித்தலைவர் விராட் கோலி முதல் டெஸ்ட் முடிந்ததும் தம் முதல் குழந்தையின் பிரசவத்துக்காக ஊர் திரும்பினார். அது நியாயமான காரியம்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிறந்த குழந்தையை இன்னும் பார்க்காத ஒருவர் வலையில் பந்து போட்டுக்கொண்டிருக்கிறாரே என்று சுனில் கவாஸ்கர் பத்திரிகையில் எழுதினார். தமிழ்நாட்டில் எழுத வேண்டியவர்கள் எழுதியிருக்க வேண்டிய விஷயம் அது. பம்பாய்க்காரர் எழுதினார்.

உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்காலில் காயம். டெஸ்ட் அணியில் நடராஜன் பெயர் சேர்ந்தது. பும்ராவுக்கு வயிற்றுத் தசையில் காயம், அஸ்வினுக்கு முதுகு. 2021 ஜனவரி 15, பிரிஸ்பேனில் நடராஜன் டெஸ்ட் ஆடினார். அன்று இறங்கிய ஐந்து பந்து வீச்சாளர்களும் அதற்குமுன் ஆடியிருந்த டெஸ்டுகளை எல்லாம் சேர்த்துக் கூட்டினால் நான்குதான். அந்த மைதானத்தில் 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றதில்லை. நடராஜன் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். ஷேன் வார்ன் வர்ணனையில், நடராஜன் போட்ட நோ-பால்களை எண்ணிக் காட்டி, அவை விசித்திரமாக இருக்கின்றன என்று ஒரு மாதிரியாகச் சொன்னார். ஜனவரி 19, இந்தியா மூன்று விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. 21ஆம் தேதி சின்னப்பம்பட்டியில் ரதத்தில் ஏற்றி ஊர்வலம். குழந்தைக்கு இரண்டு மாதம் தாண்டியிருந்தது.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் என்று அவரைப் புகழ்கிறோம். ஆனால் அவருக்குத் திறந்த கதவு ஒவ்வொன்றும் இன்னொருவருடைய தோளோ முதுகோ காலோ பழுதானதால் திறந்தது. பந்து வீச்சு என்பது உடம்பைச் செலவழிக்கிற தொழில். ஓடிவந்து, முன்காலை ஓங்கி ஊன்றி, முழு எடையையும் அந்த முழங்காலில் இறக்க வேண்டும். ஒரு நாளில் நூறு தடவைக்கு மேல்கூட. ஒருவர் உடம்பு செலவானதும் அடுத்தவர் வருகிறார். அவர் உடம்பும் செலவாகும்போது? 2021 ஏப்ரலில் நடராஜனுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கு முந்தின மாதம் 28ஆம் தேதி, புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன் கொடுக்காமல் காப்பாற்றி ஜெயித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் பல வருஷங்கள் இந்திய அணியில் அவருக்கு இடம் வரவில்லை. 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட் எடுத்தும் வரவில்லை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர் ஆட்டம்.

இதைச் சொல்லப் புகுந்தால் நம்மிடம் இரண்டே வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று, "அதிர்ஷ்டம் இல்லை." இன்னொன்று, "வடக்கத்தியார் சூழ்ச்சி." இரண்டுமே சோம்பேறி வாக்கியங்கள். இதை ஒரு தொழிலாக, அதற்கென்று ஒரு நியாயமும் அநியாயமும் உள்ள தொழிலாகப் பார்க்க நம் எழுத்து பழகவில்லை. வறுமையைப் பற்றி எழுத நமக்குத் தெரிகிறது; வேலையைப் பற்றி எழுதத் தெரியவில்லை. இதுதான் என் குற்றச்சாட்டு.

சினிமாவை எடுத்துக்கொள்ளலாம். 2018இல் வந்த 'கனா'வில் கதாநாயகி சுழல்பந்து போடுகிறவள். விவசாயியின் மகள். நல்ல நடிப்பு, மனசைத் தொடுகிற இடங்கள் உண்டு. ஆனால் அவள் பந்து அப்பாவின் கடனுக்காகச் சுழல்கிறது. பந்து விரலை விட்டுப் போகிற கணத்தில் அவளுக்கு என்ன தெரிகிறது என்பது படத்துக்கு வேண்டியதாக இல்லை. 2024இல் வந்த 'லப்பர் பந்து' இந்த வகையில் மேலானது. அதில் ஒரு பந்து வீச்சாளன் எதிராளியின் பலவீனத்தை எப்படிப் படிக்கிறான் என்பதுதான் கதையின் முடிச்சு. தொழில் தெரிந்தவர்கள் எடுத்த படம். அது ஊர் எல்லையைத் தாண்ட ஆசைப்படவில்லை. அதனால்தான் பொய் சொல்லாமல் தப்பித்தது என்று நினைக்கிறேன்.

ஊரைத் தாண்டிப் போன பந்து வீச்சாளரைப் பற்றிய படம் 2023இல் வந்த '800'. முத்தையா முரளிதரனின் வாழ்க்கை. கண்டித் தமிழர், அப்பாவின் பிஸ்கட் தொழிற்சாலை 1977 கலவரத்தில் எரிக்கப்பட்டது. 1995 டிசம்பர் 26, மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் அவர் பந்தை ஏழு தடவை 'நோ-பால்' என்று அறிவித்தார். கையை மடக்கி எறிகிறார் என்பது குற்றம். பத்து நாளில் பிரிஸ்பேனில் ராஸ் எமர்சன் என்ற நடுவரும் அதையே செய்தார்; 1999இல் அடிலெய்டில் மறுபடியும் அவரே. பிறவியிலேயே முழுக்க நீட்ட முடியாத முழங்கை என்பதைப் பரிசோதனைச் சாலைகளில் அளந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2004இல் அந்த நாட்டின் பிரதம மந்திரியே அவர் எறிகிறவர் என்று பேசினார். அந்த வருஷம் ஆஸ்திரேலியா போன அணியோடு முரளிதரன் போகவில்லை. 2005இல் சட்டமே மாறியது. பதினைந்து பாகை வரை கை நிமிரலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக வைத்தார்கள்.

அயல்நாட்டில் பந்து போடுகிற தொழிலாளியின் கஷ்டத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. உன் கை உன் கைதானா என்று அந்நிய நாட்டில், ஆயிரக்கணக்கான பேர் நடுவில் கேட்கிறார்கள். படம் என்ன செய்தது? வழக்கு நடத்தியது. குற்றச்சாட்டு, சாட்சி, தீர்ப்பு, விடுதலை. கடைசியில் 2010 ஜூலையில் காலேயில் எடுத்த எண்ணூறாவது விக்கெட். முரளிதரன் நிரபராதி என்பது நிரூபணமாயிற்று, சந்தோஷம். ஆனால் நான் பார்க்க விரும்பிய காட்சி வேறு. ஏழாவது தடவை நடுவர் கை நீட்டியபிறகு, எட்டாவது பந்துக்கு அந்த மனிதர் எப்படி ஓடி வந்தார்? மறுநாள் காலை விடுதி அறையில் தம் வலது முழங்கையை எப்படிப் பார்த்தார்? வழக்கறிஞருக்கு அந்தக் காட்சி தேவையில்லை. கதை எழுதுகிறவனுக்கு அதுதான் தேவை.

முரளிதரன் ஹைதராபாத் அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த வருஷங்களில்தான் நடராஜன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கை சந்தேகத்துக்கு உள்ளான இரண்டு தமிழர்கள், ஒருவர் உலகத்தில் எல்லாரையும்விட அதிக டெஸ்ட் விக்கெட் எடுத்தவர், இன்னொருவர் ஆட இடம் கிடைக்காதவர், ஒரே வலையின் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். அவர்கள் பேசிக்கொண்டதைக் கற்பனை செய்ய ஒரு தமிழ்ச் சிறுகதைக்காரனுக்கும் தோன்றவில்லை.

இது புதிய கஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். செங்கல்பட்டு ஜில்லா மொரப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன் வேகப்பந்து போடுகிறவர், ஹாக்கியிலும் கெட்டிக்காரர். 1935இல் தியான் சந்தோடு நியூஸிலாந்து போய் ஹாக்கி ஆடினார். 1936இல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக், இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். கப்பலேறிப் போனார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவரை இறக்கவில்லை. ஆகஸ்டில் ஹாக்கி அணி தங்கப் பதக்கம் வாங்கியது. ஒரு வாழ்நாள் முழுவதும் மனசில் உருட்டிப் பார்க்கக்கூடிய விஷயம் இது. கோபாலன் தொண்ணூறு வயதைத் தாண்டி, 2003 வரை இருந்தார். சென்னையிலேயே இருந்தார். நம் நாவலாசிரியர்களும் சென்னையிலேயே இருந்தார்கள்.

இலங்கையில் ஷெஹான் கருணாதிலக 'சைனாமேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார், 2010இல் வந்தது. பிரதீப் மாத்யூ என்ற, பதிவேடுகளிலிருந்து மறைந்துபோன ஒரு சுழல்பந்து வீச்சாளனைத் தேடி, குடித்துக் கெட்டுப்போன ஒரு கிழட்டு விளையாட்டு நிருபர் அலைகிற கதை. நாவல் சில இடங்களில் அளவுக்கு மீறி வளவளக்கிறது. ஆனால் ஆசிரியருக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: வெற்றி பெற்றவன் கதையைப் பதிவேடே சொல்லிவிடும், பதிவேட்டிலிருந்து விழுந்தவன் கதைக்குத்தான் நாவல் வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள் வரும். முதலாவது: கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறவருக்கு என்ன கஷ்டம் வேண்டிக்கிடக்கிறது? நான் இரக்கப்படச் சொல்லவில்லை. பணம் வந்தது நல்லது, அதை வைத்து நடராஜன் சொந்த ஊரில் மைதானம் அமைத்து 2023இல் திறந்தார், மிகவும் நல்லது. ஆனால் பணம் வந்துவிட்டால் மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சம் இல்லை என்று நினைப்பது, ஏழையைத் தவிர வேறு மனிதனைப் பார்க்கத் தெரியாத பார்வை. அதே பயணத்தில் முகமது சிராஜின் தகப்பனார் ஹைதராபாத்தில் காலமானார். ஊர் போகலாம் என்று வாரியம் சொல்லியும் சிராஜ் போகவில்லை. சிட்னியில் கூட்டத்திலிருந்து வசைச்சொல் கேட்டார். பிரிஸ்பேனில் ஐந்து விக்கெட் எடுத்தார். இந்த மூன்றையும் ஒரே மனசு எப்படித் தாங்கியது என்பது பணக்கணக்கில் அகப்படுமா?

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. இந்தக் கதைகள் ஏழைப் பையன்களுக்குத் தைரியம் கொடுக்கின்றன. அதை ஏன் கெடுக்கிறீர்கள்? தைரியம் கொடுக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதற்கான தைரியம்? விமானம் ஏறுவதற்கான தைரியம். இறங்கினபிறகு வேண்டியிருக்கிற தைரியம் வேறு வகையானது. பாஷை தெரியாத விடுதி அறையில், ஆடுவோமா மாட்டோமா என்று தெரியாமல், தினமும் காலையில் எழுந்து அதே அளவில் பந்து போட்டுக்கொண்டிருக்கிற தைரியம். அது கோஷமில்லாத தைரியம். அதைச் சொல்லித்தராத கதை பையனைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது.

இதைப் பிறருக்கு மட்டும் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் நானும் ஒரு கதை எழுதினேன். தறிக்காரர் மகன் ஒருவன் வெளிநாட்டு வேலைக்குப் போகிறான், அம்மா விமான நிலையத்துக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாள், கதை முடிகிறது. பலர் பாராட்டி எழுதினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரியாததால்தான் அங்கே முடித்தேன். அதைக் கலை என்று சொல்லிக்கொண்டேன்.

ஊர் திரும்புவதற்கு முந்தின சாயங்காலம் பையனைக் கூப்பிட்டு, எழுதி வைத்திருந்த தேதிகளை வாசித்துக் காட்டினேன். தோள், முதுகு, கெண்டைக்கால், வயிறு, முழங்கால் எல்லாவற்றையும் சொன்னேன். சலிப்பான் என்று நினைத்தேன். சலிக்கவில்லை. ஒத்திகை ஆள் என்று நான் சொன்னது மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. "வலையில போட்டாலும் பந்து பந்துதான சார்" என்றான்.

யாருடன் பேசிக்கொண்டிருந்தார் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதை ஒரு கதைதான் சொல்ல முடியும், இன்னும் யாரும் எழுதவில்லை என்றேன். அந்தப் பழைய தாளை வாங்கி, மடிப்புப் பிசகாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. களத்துக்குப் போய், சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பந்து போட ஓடி வந்தான்.